காலம் கருதிய வினை

பாலம், இருப்புப்பாதை, மருத்துவமனை, மென்பொருள் எனப் புதிதாக ஒன்றை ஆக்கும் பணி எதுவாயினும் அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவும் உண்டு. இடைப்பட்ட காலத்தில் பணமும் ஆளும் பொருளும் வேண்டிய வேளையில் வேண்டிய இடத்திற்கு வந்து சேரவேண்டும். அவ்வாறு சேர்ப்பிக்கும் திறனையே ஒரு துறையாக வகுத்துப் பட்டமேற்படிப்பில் கற்பிக்கின்றனர். பள்ளியிறுதி வகுப்பில் பயில்வோர் பலரும் கேள்விப்பட்டிராத அப்படிப்பின் இயல்பையும் பயனையும் இவ்வுரை விளக்குகிறது.

புயலுக்குப் பின்

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளுடன் சென்ற தொடர்வண்டி ஒன்றைக் கடல் கொண்டது. 1914 முதல் இராமேசுவரம் தீவை நிலத்தோடு இணைத்துவந்த பாம்பன் பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட இரும்பு உத்தரங்கள் பெயர்ந்து கடலில் விழுந்தன. கப்பல்களுக்கு வழிவிடும் நடுப்பகுதித் தூக்குப்பாலமும் கற்றூண்களும் தப்பின. ஆயினும் தூண்களின்மேல் பாதை இல்லை. அக்காலத்தில் சாலைப் பாலமும் கிடையாது. தீவில் வாழ்ந்த மக்களுக்கு அரிசி வருவதும் நோயாளி வெளியேறுவதும் படகையே நம்பியிருந்தன.

பாலத்தைச் சீர்செய்ய இரயில்வே துறை ஆறு திங்கள் கெடு விதித்தது. களப்பொறுப்பில் இருந்த அலுவலகம் அதனை மூன்று திங்களாகக் குறைத்தது. பொறுப்பை ஏற்றவர் ஈ. ஸ்ரீதரன் என்னும் இளம்பொறியாளர். அப்போது அவருக்கு வயது 32. பணி 46 நாள்களில் முடிந்தது.

இச்செய்தியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பொறியாளரின் உழைப்பையே வியக்கின்றனர். இரவு பகலாக உழைத்தனர் என்பது உண்மையே. எனினும் உழைப்பு மட்டும் ஆறு திங்களை 46 நாள்களாகச் சுருக்காது. ஆறு திங்கள் என்னும் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்கவேண்டும். புதிய உத்தரங்களை நாட்டின் பல பகுதிகளிலிருந்து திரட்டி, கடலோரத்திற்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்கே அக்காலத்தின் பெரும்பகுதி தேவைப்பட்டது. தூண்களின்மேல் ஏற்றிப் பொருத்துவது அதற்கு அடுத்த வேலை. கடலடியில் கிடந்த பழைய உத்தரங்களைத் தேடி எடுத்து, அவற்றையே மீண்டும் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்தபோது, காத்திருக்கவேண்டிய காலம் அப்படியே நீங்கியது. எஞ்சியது தூக்குவதும் பொருத்துவதுமே. அவ்வேலையை ஆள்களையும் பொறிகளையும் கூட்டி விரைவுபடுத்த முடிந்தது.

எந்த வேலை மற்ற வேலைகளைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று கண்டறிந்து, முதலில் அதனை அவிழ்க்கவேண்டும். பின்னாளில் வகுப்பறைகளில் கற்பிக்கப்படும் பாடம் ஒன்றைப் பாம்பன் கடலோரத்தில் செய்து காட்டினர் எனலாம்.

சொல்லும் பொருளும்

தமிழில் ‘திட்டம்’ என்னும் சொல் மூன்று பொருள்களில் வழங்குகிறது. நாளை என்ன செய்வது என்று மனத்திலோ தாளிலோ வகுத்துக்கொள்வதும் திட்டம். ஆண்டுதோறும் தொடர்ந்து நடக்கும் சத்துணவுத் திட்டமும் திட்டம். கட்டி முடிக்கவேண்டிய அணையும் திட்டம். இப்படிப்பு மூன்றாம் பொருளைப் பற்றியது. சத்துணவு வழங்குதலுக்கு முடிவுநாள் இல்லை. நாள்தோறும் அதே செயல் நிகழ்கிறது. ஆனால், அவ்வுணவைச் சமைக்கப் பள்ளியில் கூடம் ஒன்று கட்டுவதற்கு முடிவுநாள் உண்டு. கூடம் எழுந்ததும் அவ்வேலை முடிகிறது, அதற்கெனக் கூடிய குழுவும் கலைகிறது. முன்னது நிருவாகம், பின்னதை மேலாளுவதே திட்ட மேலாண்மை.

இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஒரு செயலை ஆயிரம் முறை செய்பவர், தவறுகளிலிருந்து கற்றுக்கொண்டு ஆயிரத்து ஒன்றாம் முறை திருத்திக்கொள்வார். ஒரே ஒரு முறை மட்டும் செய்யப்படும் பணியில் அவ்வாய்ப்பு இல்லை. மேட்டூரில் அணை கட்டியது ஒரு முறைதான். ஆகவே, ஒரு பணியில் பெற்ற பட்டறிவை வேறொரு பணிக்கு எப்படிக் கொண்டுசெல்வது என்னும் கேள்வியிலிருந்தே இத்துறை பிறந்தது.

வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை வள்ளுவர் அடுத்தடுத்து அமைத்துள்ளமையைச் சுட்டி, திட்ட மேலாண்மை நமக்குப் பழையது என்று கூறுவோர் உளர். அவ்வதிகாரங்கள் அரசனின் செயலை நோக்கிக் கூறப்பட்டவை. அவற்றின் பொருள் அகன்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நாள், விலை, ஆள் ஆகியவற்றை எண்ணால் அளந்து, ஒன்று மாறும்போது மற்றவை எவ்வளவு மாறும் எனக் கணக்கிட்டுச் சொல்லும் முறை இருபதாம் நூற்றாண்டில் உருவானதே. இரண்டையும் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை.

கோடுகளும் வலைகளும்

வேலைகளைக் கிடைமட்டப் பட்டைகளாக வரைந்து, ஒவ்வொன்றும் எந்நாளில் தொடங்கி எந்நாளில் முடியும் என்று காட்டும் படத்தைக் கட்டுமானக் களங்களின் அலுவலக அறைகளில் இன்றும் காணலாம். அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி காண்ட் 1910களில் இதனைப் பரப்பியமையால் அது காண்ட் படம் எனப் பெயர்பெற்றது. அவருக்கு முன்பே போலந்து நாட்டின் கரோல் அடமியெட்ஸ்கி இதையொத்த படம் ஒன்றை 1896இல் உருவாக்கியிருந்தார். தம் மொழியிலும் உருசிய மொழியிலும் எழுதிய அவரது பெயரை உலகம் நெடுங்காலம் அறியவில்லை.

பட்டைப் படத்தில் ஒரு குறை உண்டு. எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்பதை அது தெளிவாகக் காட்டாது. இக்குறையை நீக்கும் வலையமைப்பு முறைகள் இரண்டு, ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒன்றையொன்று அறியாமல் தோன்றின. டூபாண்ட் என்னும் வேதிப்பொருள் நிறுவனம் தன் ஆலைப்பணிகளுக்காக 1957இல் ஒன்றை வகுத்தது. அமெரிக்கக் கடற்படை 1958இல் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்திற்காக மற்றொன்றை வகுத்தது. முன்னது நெருக்கடிப் பாதை முறை. பின்னது பெர்ட் முறை. வணிகக் கணிதம் பயில்வோர் இவற்றின் தொடக்க வடிவைப் பள்ளியிலேயே கண்டிருப்பர்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கு நான்கு வகுப்பறைகள் கட்டவேண்டும். அடித்தளத்திற்கு 20 நாள், சுவர் எழுப்ப 25 நாள், சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டிக் கூரை போட 10 நாள், பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திக் காத்திருக்க 21 நாள், பூச்சுக்கு 15 நாள், வண்ணம் தீட்ட 9 நாள் எனக் கொள்வோம். இவை ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்கவேண்டியவை; மொத்தம் 100 நாள்கள். கதவுகளையும் சன்னல்களையும் தச்சர் தம் பட்டறையில் 30 நாள்களில் செய்துவிடுவார். வண்ணம் தீட்டத் தொடங்கும் 92ஆம் நாளுக்கு முன் அவை வந்துசேர்ந்தால் போதும்.

தச்சர் இரண்டு வாரம் காலம் தாழ்த்தினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அவருக்கு 61 நாள்கள் நெகிழ்வு இருக்கிறது. கூரை போடும் வேலை ஒரு நாள் தாழ்ந்தாலோ பள்ளித் திறப்பே ஒரு நாள் தள்ளிப்போகும். நெகிழ்வே இல்லாத வேலைகளின் இத்தொடரையே நெருக்கடிப் பாதை என்கின்றனர். பட்டறிவில்லாத மேற்பார்வையாளர் எல்லாரையும் ஒரே அளவில் விரட்டுவார். தச்சரிடம் நாள்தோறும் சண்டையிடுவார். வலையை வரைந்து பார்த்தவர், தச்சரை அவர் போக்கில் விட்டுவிட்டு, கூரைக்கு வேண்டிய கம்பி வந்துவிட்டதா என்று கேட்பார்.

கெடுவைக் குறைக்கவேண்டுமானால் கொத்தனாரையும் சித்தாளையும் கூட்டிச் சுவர் வேலையை 25 நாளிலிருந்து 18 நாளாக்கலாம், கூலி கூடும். ஆனால், கான்கிரீட் இறுகுவதற்கான 21 நாள்களை எத்தனை ஆள் சேர்த்தாலும் குறைக்க இயலாது. ஆளைக் கூட்டினால் விரையும் வேலை எது, கூட்டினாலும் விரையாத வேலை எது என்று பிரித்தறிவது இப்படிப்பில் பெறும் முதல் தெளிவு. ஆளைக் கூட்டுவதால் மேலும் தாழ்ந்துபோகும் வேலையும் உண்டு. ஐபிஎம் நிறுவனத்தின் பெரும் மென்பொருள் பணி ஒன்றை நடத்திய பிரெடரிக் புரூக்ஸ், அதில் பெற்ற படிப்பினையை 1975இல் நூலாக்கினார். தாழ்ந்துகொண்டிருக்கும் மென்பொருள் பணியில் புதிய ஆள்களைச் சேர்த்தால், அவர்களுக்குக் கற்பிப்பதிலேயே பழையவர்களின் நேரம் கழிந்து, பணி மேலும் தாழும் என்பது அவர் கண்டது.

வேலை ஒன்றிற்கு எத்தனை நாள் ஆகும் என்பதே ஐயமாக இருந்தால் பெர்ட் முறை உதவும். எல்லாம் நன்றாக நடந்தால் ஆகும் நாள், பெரும்பாலும் ஆகும் நாள், எல்லாம் கெட்டால் ஆகும் நாள் என மூன்று மதிப்புகளைக் கேட்டுப் பெறுவர். நடுமதிப்பை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுப்பர். கட்டட அனுமதிக்கு முறையே 10, 16, 40 நாள்கள் எனில் விடை 19. பெரும்பாலும் 16 நாளில் கிடைத்துவிடும் அனுமதிக்கு 19 நாள் ஒதுக்கச் சொல்கிறது கணக்கு. அம்மூன்று நாள்கள், அந்த 40 என்னும் எண்ணுக்கு நாம் செலுத்தும் மதிப்பாகும்.

பணம் பேசும் மொழி

இத்துறையில் மாணவர்கள் கடினமாகக் கருதும் பாடமும் பின்னாளில் பெரிதும் பயன்படும் பாடமும் ஒன்றே. ஈட்டிய மதிப்புக் கணக்கு என்பது அதன் பெயர். மேற்கூறிய பள்ளிக் கட்டடத்திற்கு 60 இலட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது. ஐம்பதாம் நாள் முடிவில் 30 இலட்சத்திற்கான வேலை முடிந்திருக்கவேண்டும். செலவுக் கணக்கைப் பார்த்தால் 28 இலட்சம்தான் ஆகியிருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் மகிழ்ச்சியடைகின்றனர். இரண்டு இலட்சம் மிச்சம் என்று எண்ணுகின்றனர்.

திட்ட மேலாளர் மூன்றாவதாக ஓர் எண்ணைக் கேட்கிறார். உண்மையில் முடிந்திருக்கும் வேலையின் மதிப்பு, ஒதுக்கீட்டின்படி, எவ்வளவு? அளந்து பார்த்தால் 21 இலட்சம். அதாவது 28 இலட்சம் செலவிட்டு 21 இலட்சத்திற்கான வேலையே நடந்திருக்கிறது. ஒரு ரூபாய்க்கு எழுபத்தைந்து காசு வேலை. இப்போக்கு தொடருமானால் கட்டடம் முடிய 60 இலட்சம் போதாது, 80 இலட்சம் வேண்டும். காலமோ, முடிந்திருக்கவேண்டிய 30 இலட்சத்தில் 21 இலட்சமே முடிந்திருப்பதால், 100 நாளுக்கு மாறாக ஏறத்தாழ 143 நாள் ஆகும். ஜூன் 15ஆம் நாள் தொடங்கிய பணி செப்டம்பர் 22இல் முடிவதற்குப் பதிலாக நவம்பர் 4இல் முடியும். இடையில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். பிள்ளைகள் மரத்தடியில் அமர்ந்து படிக்கும் பள்ளி அது.

ஐம்பதாம் நாளிலேயே இதனை அறிந்தால் செய்வதற்கு வழிகள் உள்ளன. இரண்டு வகுப்பறைகளை முதலில் முடித்துத் திறக்கலாம். கூடுதல் நிதிக்கு எழுதலாம். ஒப்பந்தக்காரரை அழைத்துப் பேசலாம். தொண்ணூறாம் நாளில் அறிந்தால் வருந்துவதைத் தவிர வழியில்லை. கணக்கு எளிதே, பெருக்கல் வகுத்தலுக்கு மேல் ஒன்றுமில்லை. அவ்வெண்ணை எடுத்துக்கொண்டு போய், மிச்சம் என்று மகிழ்ந்திருப்போர் முன் சொல்லும் துணிவுதான் அரிது. அதற்குத் தேர்வுத்தாளில் மதிப்பெண் கிடையாது.

மதிப்பீடு ஏன் பிழைக்கிறது?

சிட்னி நகரின் இசையரங்கை உலகமே அறியும். 1963இல் 70 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் செலவில் முடியும் எனக் கருதப்பட்ட அது, 1973இல் 10 கோடியே 20 இலட்சம் டாலர் செலவில் முடிந்தது. சிப்பி வடிவக் கூரையை எப்படிக் கட்டுவது என்று முடிவாகும் முன்பே அடித்தள வேலையைத் தொடங்கியது முதன்மைக் காரணங்களுள் ஒன்று.

அறிவில் சிறந்தவர்களும் இப்பிழைக்கு ஆளாகின்றனர். உளவியலறிஞர் டேனியல் கானமன் தம் நூலில் கூறும் நிகழ்ச்சி, பாடநூல் படிக்கும் உங்களுக்குச் சுவையாக இருக்கும். இசுரேல் நாட்டின் உயர்நிலைப் பள்ளிகளுக்காக முடிவெடுத்தல் என்னும் பொருளில் பாடநூல் ஒன்றை எழுத அவர் தலைமையில் குழு அமைந்தது. எப்போது முடியும் என்று உறுப்பினர்களைத் தனித்தனியே எழுதித்தரச் சொன்னார். அனைவரும் ஏறத்தாழ இரண்டு ஆண்டு என்றே எழுதினர். அக்குழுவில் பாடத்திட்ட வல்லுநர் ஒருவரும் இருந்தார். இதைப் போன்ற குழுக்களைப் பற்றி அவரிடம் கேட்டபோது, பல குழுக்கள் நூலை முடிக்கவே இல்லை, முடித்தவை ஏழாண்டுக்குக் குறையாமல் எடுத்துக்கொண்டன என்றார். அவரும் சற்றுமுன் இரண்டு ஆண்டு என்றே எழுதியிருந்தார்! நூல் எட்டு ஆண்டுகளில் முடிந்தது. அதற்குள் கல்வித்துறையின் ஆர்வம் குன்றிவிட்டதால் அது வகுப்பறைக்கு வரவேயில்லை.

நம் பணியை உள்ளிருந்து பார்க்கும்போது, நடக்கவேண்டியவை மட்டுமே கண்ணுக்குத் தெரிகின்றன. உறுப்பினரின் நோயும் பிரிவும் பிணக்கும் தெரிவதில்லை. இதையொத்த முந்தைய பணிகளுக்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று வெளியிலிருந்து பார்க்கும் பழக்கத்தை இப்படிப்பு ஊட்டுகிறது. பட்டம் பெற்றவர்கள் அனைவரும் அப்பழக்கத்தைக் கைக்கொள்கின்றனர் என்று சொல்வதற்கில்லை.

கொங்கண் இருப்புப்பாதை

இத்துறையின் மாணவர்கள் ஊன்றிக் கற்கவேண்டிய இந்தியப் பணி, கொங்கண் இருப்புப்பாதை. மகாராட்டிரத்தின் ரோகாவிலிருந்து மங்களூருக்கு அருகிலுள்ள தோக்கூர் வரை ஏறத்தாழ 740 கிலோமீட்டர் நீளம் கொண்டது. மேற்குத்தொடர்ச்சி மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் ஆறுகளும் குன்றுகளும் மாறிமாறி வருவதால், ஏறக்குறைய 2000 பாலங்களும் 90க்கும் மேற்பட்ட சுரங்கங்களும் தேவைப்பட்டன. 1990இல் இதற்கெனத் தனிக் கழகம் நிறுவப்பட்டது. இரயில்வே துறையுடன் மகாராட்டிரம், கோவா, கருநாடகம், கேரளம் ஆகிய நான்கு மாநிலங்களும் முதலீட்டில் பங்கேற்றன. எஞ்சிய பணத்தைக் கழகம் கடன்பத்திரங்கள் வழியே திரட்டியது. தலைமைப் பொறுப்பை ஏற்றவர், பாம்பன் பணியை முடித்த அதே ஸ்ரீதரன். இரயில்வே பணியிலிருந்து அவர் ஓய்வுபெற்ற ஆண்டு அது.

பாதை முழுவதையும் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கொண்ட ஏழு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு தலைமைப் பொறியாளரிடம் ஒப்படைத்தனர். நூறு கிலோமீட்டர் தொலைவில் எழும் சிக்கலுக்குத் தலைமையகத்தின் கோப்பு வரும்வரை காத்திராமல், அங்கேயே முடிவெடுக்கும் உரிமை அவருக்கு வழங்கப்பட்டது. எஞ்சியுள்ள நாள்களைக் காட்டும் பலகைகள் அலுவலகங்களில் வைக்கப்பட்டன. கடந்த நாள்களை அல்ல, இருக்கும் நாள்களை எண்ணும் பலகைகள். பின்னர் தில்லி மெட்ரோ பணியிலும் இவ்வழக்கம் தொடர்ந்தது.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பின்னும் ஐந்தாண்டில் முடிப்பதாகத் தொடங்கிய பணி, ஏழாண்டைத் தாண்டி 1998 ஜனவரியில்தான் முழுப்பாதையும் திறக்கப்படும் நிலையை எட்டியது. பாராட்டுரைகள் இதனைச் சொல்லாமல் விடுவதுண்டு, கற்பவர் விடக்கூடாது. தாழ்வுக்குக் காரணங்கள் பல. கடும்பாறையைக் குடைவது எதிர்பார்த்தபடி நடந்தது. ஆனால், ஈரக் களிமண் நிறைந்த சில சுரங்கங்களில் குடைந்த இடமே மீண்டும் மீண்டும் சரிந்தது. அங்கு ஓராண்டு உழைப்பில் முன்னேறிய தொலைவு மிகச் சிறிது. கோவாவில் பாதை செல்லும் வழி குறித்து மக்கள் எழுப்பிய எதிர்ப்பினால் 1993இல் பணி நிறுத்தப்பட்டு, நீதிபதி ஒருவரின் விசாரணைக்குப் பின்பே தொடர்ந்தது. பாதைக்காக நிலம் கொடுத்தோர் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஒவ்வொருவருக்கும் தோட்டமோ வீடோ முன்னோர் நட்ட மரமோ இருந்தது. வலைப்படத்தில் ‘நிலம் பெறுதல்’ என்று ஒரே ஓர் அம்புக்குறியாக அது வரையப்பட்டிருக்கும்.

சுரங்கங்களிலும் பாலங்களிலும் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். அவர்களுக்கு இரத்தினகிரியில் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டுள்ளது. காலக்கெடுவும் பாதுகாப்பும் மோதும்போது எது விட்டுக்கொடுக்கவேண்டும் என்னும் கேள்வி இத்துறையில் ஓயாதது. 2009 ஜூலையில் தில்லி மெட்ரோ பாலப்பகுதி ஒன்று கட்டும்போதே சரிந்து தொழிலாளர்கள் இறந்தனர். அப்போது ஸ்ரீதரன் அறப்பொறுப்பை ஏற்றுப் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். அரசு அதனை ஏற்கவில்லை. பாதுகாப்பு மேலாண்மை இப்போது இப்படிப்புகளில் தனிப்பாடமாகவே கற்பிக்கப்படுகிறது.

சேர்வதற்குரிய வழிகள்

திட்ட மேலாண்மையைப் பட்டமேற்படிப்பாகப் பயில இரண்டு வாயில்கள் உள்ளன. பொறியியல் வாயில் ஒன்று. கட்டடப் பொறியியலில் இளநிலைப் பட்டம் பெற்றோர், கட்டுமான மேலாண்மையில் முதுநிலைப் பொறியியல் படிக்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் சென்னை ஐஐடியிலும் இத்துறை உண்டு. சேர்வதற்குக் கேட் தேர்வு எழுதவேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்குச் சீட்டா என்னும் நுழைவுத்தேர்வும் வழியாகும். மற்றது மேலாண்மை வாயில். எந்தப் பாடத்தில் இளநிலைப் பட்டம் பெற்றவரும், கலை வணிகப் பிரிவினர் உட்பட, வணிக நிருவாக முதுநிலைப் பட்டத்தில் திட்ட மேலாண்மையைச் சிறப்புப் பாடமாகக் கொள்ளலாம். தமிழ்நாட்டில் டான்செட், நாடளாவிய அளவில் கேட் எனப்படும் பொதுச் சேர்க்கைத் தேர்வு ஆகியன அதற்குரியவை. பொறியியலுக்குரிய கேட் வேறு, மேலாண்மைக்குரிய கேட் வேறு. தமிழில் எழுதும்போது ஒன்றுபோல் தோன்றுவதால் விண்ணப்பிப்போர் கவனிக்கவேண்டும். புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட நிக்மார், கட்டுமான மேலாண்மைக்கென்றே தொடங்கப்பட்ட நிறுவனம்.

இரண்டாண்டுப் படிப்பின் முதற்பகுதியில் கணக்கியல், பொருளியல், புள்ளியியல் ஆகியவை இடம்பெறும். ஒப்பந்தச் சட்டம், கொள்முதல், இடர் மேலாண்மை, தரக்கட்டுப்பாடு, கால அட்டவணை மென்பொருள் ஆகியன பின்னர் வரும். விடுமுறையில் ஏதேனும் ஒரு களத்தில் பயிற்சி பெறவேண்டும். இறுதிப் பருவத்தில் ஆய்வேடு அளிக்கவேண்டும். பட்டத்தையும் சான்றிதழையும் ஒன்றெனக் கருதலாகாது. 1969இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட திட்ட மேலாண்மைக் கழகம் 1984 முதல் நடத்தும் பிஎம்பி தேர்வு உலகெங்கும் மதிக்கப்படுகிறது. ஆனால், திட்டப்பணிகளை வழிநடத்திய பட்டறிவு சில ஆண்டுகளேனும் உள்ளவர்களே அதனை எழுத இயலும்.

அந்நிபந்தனையில் பொருளுண்டு. இளநிலைப் பட்டம் முடித்த மறு திங்களே இப்படிப்பில் சேர்வதைவிட, இரண்டு மூன்று ஆண்டுகள் களத்தில் பணியாற்றியபின் சேர்வது நன்று என்பது எம் கருத்து. சிமெண்டு வண்டி வராத ஒரு பகற்பொழுதில் கூலி கொடுத்து அமர்த்திய முப்பது பேர் நிழலில் காத்திருப்பதைக் கண்டவருக்கு, நெருக்கடிப் பாதை என்பது கணக்குப்பாடமாகத் தோன்றாது. களம் காணாதவரோ சூத்திரத்தை மனப்பாடம் செய்து தேறிவிடுவார். தனியார் கல்லூரிகளில் கட்டணமும் மிகுதி. ஊதியம் பெற்றுக்கொண்டே மாலை வகுப்பிலோ தொலைநிலைக் கல்வியிலோ பயில்வோரும் பலர். குடும்பச் சூழல் அவ்வாறு காத்திருக்க இடந்தராதவர்கள், பயிற்சிக் களத்தையேனும் கவனமாகத் தேர்ந்தெடுக்கவேண்டும். குளிரூட்டிய அலுவலகத்தைவிடப் புழுதி படிந்த களம் மிகுதியாகக் கற்பிக்கும்.

இப்படிப்பின் கடைசிப் பாடம் பெரும்பாலும் திட்ட நிறைவு பற்றியது. மாணவர்கள் அதனைப் புறக்கணிப்பது வழக்கம். தேர்விலும் கேள்விகள் குறைவு. கட்டடம் எழுந்துவிட்டது, வண்ணமும் காய்ந்துவிட்டது. ஆயினும் பணி முடியவில்லை. எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் செல்கிறது என்று, வரைந்தபடி அல்லாமல் கட்டியபடி காட்டும் வரைபடம் ஒன்று வேண்டும். ஒப்பந்தக்காரரின் இறுதிப்பட்டியலைத் தீர்க்கவேண்டும். ஒழுகும் குழாய், மூடாத சன்னல் எனக் குறைகளை எழுதி, ஒவ்வொன்றையும் சரிசெய்து கோடிட்டு அடிக்கவேண்டும். எங்கே நாள் தவறியது, ஏன் தவறியது என்று அடுத்து வருபவருக்கு எழுதி வைக்கவேண்டும். இவை முடிந்தபின் தலைமையாசிரியரை அழைத்து, நான்கு அறைகளின் சாவிக்கொத்தையும் அவர் கையில் கொடுத்து, பதிவேட்டில் கையொப்பம் பெறுவர்.